300 வெள்ளியைக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி

கேள்வி: ஐயா, நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் இருக்கிறேன். மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம் எங்களுடையது. தோட்டம் கைமாறியதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுன் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தோம். கணவர் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில், காண்ட்ராக்டர் மூலமாக வேலை செய்கிறார். நானும் என் அண்ணியும் வீட்டில் முறுக்கு பிழிந்து விற்கிறோம். மாதம் 160 போத்தல் வரை போகும். ஒரு போத்தல் 15 வெள்ளி. மாவு, எண்ணெய், போத்தல் செலவு போக 6 வெள்ளி நிற்கிறது. மாநில மேம்பாட்டுக் கழகம் பத்து காவானில் இவ்வளவு கட்டுகிறதே, அதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா? தெரிந்தவர் ஒருவர் 300 வெள்ளி கொடுத்தால் கழகத்தில் 5,000 வெள்ளி கடன் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஐ.சி. (அடையாள அட்டை) நகலும் வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் கேட்கிறார். கொடுக்கலாமா? மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு ஒரு கைப்பேசிக் கடையில் நிற்கிறான். அவனுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். மலிவு வீடு கிடைக்குமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளுக்கு 300 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். ஐ.சி. நகலும் வேண்டாம். வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் வரிசையில் பின்னால் இருந்த உங்கள் கடிதத்தை முன்னால் எடுத்தேன். அட்டை அவர் கைக்குப் போனால், எங்கெங்கோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கில் வந்து இறங்கி, அன்றே வெளியேறிவிடும். பிறகு போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான். மலாயில் இதைக் 'கெல்டாய் அக்காவுன்' என்கிறார்கள், கணக்குக் கழுதை. "எனக்குத் தெரியாது, கேட்டார், கொடுத்தேன்" என்று சொன்ன தாய்மார்கள் நீதிமன்ற வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அட்டையைக் கொடுத்திருந்தால் இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வங்கிக்குப் போன் செய்து அட்டையை முடக்குங்கள், மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், போலீஸில் புகார் செய்யுங்கள்.

அரசாங்கக் கடனுக்கு இடையில் ஆள் தேவையில்லை. விண்ணப்பப் பாரம் விற்பனைக்குரிய பொருளும் இல்லை. "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். மேம்பாட்டுக் கழகத்தில் நமக்கு என்ன இருக்கிறது? இதை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறேன்.

பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1969-இல் தொடங்கப்பட்டது. தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதி போனதால் தீவில் வியாபாரம் படுத்துவிட்ட காலம் அது. வேலையில்லாதவர்கள் தெருவுக்குத் தெரு நின்றார்கள். அந்த ஆண்டு முதலமைச்சராக வந்த லிம் சோங் இயூ, தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தால் ஒழிய இந்த ஊர் பிழைக்காது என்று முடிவு செய்தார். கழகம் நிலத்தை எடுத்தது, சாலை, தண்ணீர், மின்சாரம் போட்டது, வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போய் அழைத்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது. அதே ஆண்டில் வயல்காடாக இருந்த இடத்தில் இன்டெல் ஆலை தொடங்கியது. பெருநிலத்தில் பிறையிலும் தொழிற்பேட்டை வளர்ந்தது. கொம்தார் கோபுரம், பாயான் பாரு, செபராங் ஜெயா எல்லாமே அந்தக் கழகத்தின் வேலைகள்தாம். மற்ற மாநிலங்களிலும் இதே மாதிரி கழகங்கள் இருக்கின்றன. சிலாங்கூரில் உள்ளது 1964-லேயே வந்துவிட்டது.

நான் செபராங் பிறை தெற்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் சீவினார். எங்கள் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு பிறையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு வேலைக்குப் போனார். விடியும் முன்னே பாக்டரி பஸ் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும். லயத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு போவார்கள். அக்காவின் முதல் சம்பளத்தில் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைக் காலணி வந்தது. அதுவரை நான் அண்ணன் போட்டுக் கழித்ததைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் கழகம் நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது பேசினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கடியில் படித்தவன் கணக்காளன் ஆனதற்கு அந்தப் பஸ்ஸும் ஒரு காரணம்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கா இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். சேர்ந்தபோது ஆபரேட்டர், வெளியே வந்தபோதும் ஆபரேட்டர். அவரோடு சேர்ந்த பலர் மேலே போனார்கள். அவர்களுக்குத் தொழிற்பயிற்சி என்று ஒன்று இருப்பதைச் சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. உங்கள் மகன் விஷயத்தில் இதை மனதில் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

பத்து காவானும் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாததா, அது தோட்டமாக இருந்த இடம். அந்தத் தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளி இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. 2014-இல் 24 கிலோமீட்டர் நீளத்தில், தீவோடு இணைக்கும் இரண்டாவது பாலம் அங்கே வந்து இறங்கியது. அப்புறம் தொழிற்பேட்டை, பண்டார் காசியா என்ற புதிய நகர், பெரிய கடைகள். நிலத்தையும் முதலீட்டையும் கொண்டுவருவதுதான் கழகத்தின் முதல் வேலை. ஆலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் குடும்பம் நிமிரும் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கு பாதி சரி. மீதிப் பாதிக்கு நாமே கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. எந்தக் கதவு என்று தெரியாததால்தான் 300 வெள்ளி கேட்கிறவன் நடுவில் வந்து நிற்கிறான்.

உங்களுக்கான கதவு இருக்கிறது. சிறு வியாபாரிகளுக்குக் கழகத்தின் வழியாகவே வட்டியில்லாச் சிறுகடன் கொடுக்கும் 'தித்தியான் சக்சாமா ராக்யாட்' என்ற திட்டம் மாநிலத்தில் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். இப்போது எவ்வளவு வரை கொடுக்கிறார்கள், எந்த மாதம் விண்ணப்பம் திறக்கிறார்கள் என்பதைக் கழகத்துக்கு நேரே போன் செய்து கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் கேட்கலாம். இரண்டுக்கும் காசு கிடையாது.

மாநிலத்தோடு நிற்க வேண்டியதும் இல்லை. சிறு தொழிலுக்குக் கடன் தரும் மத்திய அரசின் டெக்குன் நேஷனலில் 'ஸ்புமி' என்று இந்தியச் சமூகத்துக்கென்றே ஒரு கடன் திட்டம் இருக்கிறது. சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்காக 2024-இல் 'பெண்' என்ற பெயரிலேயே ஒன்றைத் தொடங்கி 5 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். உங்கள் அளவுக்கு அந்த இரண்டாவது பொருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிக் கட்டும் பழக்கத்தில் வளர்ந்த அமைப்பு அது.

ஆனால் கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது இந்த இடம்தான். ஒரு போத்தலில் 6 வெள்ளி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. உங்களுக்கு என்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதும் இல்லை.

20 போத்தல் முறுக்குக்கு நீங்கள் இருவரும் மாவு பிசைந்து, பிழிந்து, சுட்டு, ஆறவைத்து, அடைத்து முடிக்க 6 மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். முறுக்குச் சுட்டவர்களைக் கேட்டால் அதற்குக் குறைய யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர், ஆக 12 மணி நேர உழைப்பு. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 சென். 12 மணி நேரத்துக்கு 98 வெள்ளி. 20 போத்தலுக்குப் பிரித்தால் ஒரு போத்தலில் 4 வெள்ளி 90 சென் உங்கள் இருவரின் கூலி. நீங்கள் லாபம் என்று நினைத்த 6 வெள்ளியில் தொழிலுக்கென்று மிஞ்சுவது 1 வெள்ளி 10 சென்தான். கேஸும் மோட்டார் பெட்ரோலும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

இப்போது 5,000 வெள்ளியை வட்டியே இல்லாமல் வாங்கி 24 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 208 வெள்ளி சொச்சம். போத்தலுக்கு 1 வெள்ளி 10 சென் என்றால், 190 போத்தல் விற்றால்தான் தவணைக்கே வரும். நீங்கள் விற்பது 160. அப்படியானால் மீதி எங்கிருந்து வரும்? உங்கள் கூலியிலிருந்தும் அண்ணியின் கூலியிலிருந்தும் வரும். வட்டியில்லாக் கடன்கூட இப்படித்தான் ஒரு வீட்டை இறுக்கும். கடனைக் கல்யாணச் செலவுக்கும் மோட்டார் சைக்கிள் முன்பணத்துக்கும் எடுத்துவிட்டுத் தவணை கட்ட வழியில்லாமல் வட்டிக்காரனிடம் போன குடும்பங்களை நான் அறிவேன். முதல் கடன் நல்ல கடன்தான், அது போன இடம்தான் கெட்டது.

அதே கணக்கைத் திருப்பிப் போடுவோம். கடனில் மின்சார முறுக்கு பிழியும் இயந்திரம் ஒன்றை மட்டும் வாங்குகிறீர்கள். 6 மணி நேர வேலை 3 மணி நேரத்தில் முடிகிறது. ஒரு போத்தலின் கூலி 2 வெள்ளி 45 சென் ஆகிவிடும். மிஞ்சுவது 3 வெள்ளி 55 சென். தவணைக்கு 59 போத்தல் போதும். மீதி 100 போத்தலின் மிச்சத்தில் கேஸ், மின்சாரம் போகவும் கையில் நிற்கும், தீபாவளிக்கு முன்னால் கூடுதலாகச் சுடவும் நேரம் கிடைக்கும். அதே 5,000 வெள்ளி, அதே இரண்டு பெண்கள். எதற்காக வாங்குகிறோம் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். இயந்திரம் உண்மையிலேயே பாதி நேரத்தை மிச்சம் பிடிக்குமா என்பதைக் கடைக்காரர் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் மாவைக் கொண்டுபோய் அவர் முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள். இரண்டு கடைகளில் கோட்டேஷன் வாங்குங்கள். அதன் விலை எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் கடன் கேளுங்கள். 5,000 கிடைக்கிறதே என்று 5,000 கேட்க வேண்டியதில்லை.

ஆகவே நாளைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். அண்ணியின் கூலியைச் செலவில் எழுதுங்கள், உங்கள் கூலியையும் எழுதுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார்கள் சொன்னதைத்தான் வங்கிகள் இன்று வேறு பெயரில் கேட்கின்றன. விற்ற காசைச் சேலை முந்தானையில் முடிந்து வைக்காமல், வாரம் ஒருமுறை உங்கள் பெயரில் உள்ள கணக்கில் போட்டுவிடுங்கள். எங்கள் சித்தி ஒருவர் சுங்கை பாக்காப்பில் ஊறுகாய் போட்டு விற்றார். நல்ல வியாபாரம். இரண்டு முறை கடன் கேட்டார், இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழர் என்பதால் தரவில்லை என்று பல வருடம் மனம் வெந்துபோயிருந்தார். பிறகு அவருடைய பைலை எடுத்துப் பார்த்தேன். வியாபாரப் பதிவு இல்லை, வங்கிக் கணக்கில் வரவே இல்லை, எல்லாம் டின்னில் இருந்தது. பாரபட்சம் எங்கேயும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கையில் காகிதம் இருக்கும்போது மறுத்தால் ஏன் என்று எழுத்தில் கேட்கலாம். காகிதமே இல்லாமல் போனால் கேட்கக்கூட முடியாது.

காகிதங்கள் அதிகமில்லை. வியாபாரங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் உங்கள் சொந்தப் பெயரில் வியாபாரம் பதிய வருடத்துக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. நீங்களும் அண்ணியும் உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும், டைபாய்ட் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் வைத்துச் செய்ய என்ன அனுமதி வேண்டும் என்பதைச் செபராங் பிறை மாநகர் மன்ற முகப்பில் கேளுங்கள். என்றைக்காவது பேரங்காடியில் உங்கள் போத்தல் ஏற வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் 'மெஸ்தி' என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவைப்படும். அது இப்போதைக்கு வேண்டாம், பெயரை மட்டும் நினைவில் வையுங்கள்.

மகனுக்கு வருகிறேன். அவன் எந்தப் பாடத்தில் எப்படி வாங்கினான் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கைப்பேசிக் கடையில் நிற்கிறவன் கையால் எதையோ பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவனாகத்தான் இருப்பான். அவனை நேராக ஆபரேட்டர் வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். "ஒரு வருடம் சம்பாதித்துவிட்டு அப்புறம் படிக்கிறேன்" என்றுதான் எல்லோரும் போகிறார்கள். ஓவர்டைம் பணம் கைக்கு வந்ததும் படிப்பு பின்னால் போய்விடும். எங்கள் அக்காவுக்கு அதுதான் நடந்தது.

பாயான் லெப்பாஸில் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. 1989-இல் தொடங்கியது. ஆலைகளும் மாநில அரசும் கல்வியாளர்களும் சேர்ந்து நடத்தும் இடம். ஆலைக்கு எந்த வேலைக்கு ஆள் வேண்டுமோ அதற்குத்தான் அங்கே பயிற்சி. பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ் வழியில் போனால் 3-ஆம் நிலையை முடித்து டிப்ளோமா வரை ஏறலாம், அதற்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகக் கடனும் உண்டு. மெக்கட்ரோனிக்ஸ், மின்னியல், இயந்திரப் பராமரிப்பு, இந்த மூன்றில் ஒன்றை அவன் தேர்ந்தெடுத்தால் பத்து காவான் அவனைத் தேடும். உங்கள் ஊரிலேயே, டிரான்ஸ்கிரியான் பக்கத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001-லிருந்து இருக்கிறது. அதன் வேலியோரம் வளர்ந்த எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் உள்ளே போய்ப் படித்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். டிப்ளோமா முடித்த பிறகு அந்த வாசலும் உங்கள் மகனுக்குத் திறக்கலாம். ஒரு சனிக்கிழமை அவனை மோட்டாரில் அழைத்துக்கொண்டு போய் அந்த வளாகத்தை வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கணவர் காண்ட்ராக்டர் மூலமாக வேலை செய்கிறார் என்றீர்கள். இந்த வாரமே அவருடைய இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கைத் திறந்து பாருங்கள், மாதாமாதம் பணம் விழுகிறதா என்று. வேலை விபத்துக்குக் காப்பு தரும் சொக்சோவையும் பாருங்கள். விழவில்லை என்றால் அந்தந்த அலுவலகத்தில் புகார் செய்யலாம். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவருக்கு சொக்சோ இல்லாமல் இருக்கவே கூடாது.

வீட்டுக்கு: மலிவு வீடுகளைக் கழகமும் கட்டுகிறது, தனியார் மேம்பாட்டாளர்களும் கட்டுகிறார்கள். ஆனால் பெயரைப் பதிய வேண்டியது மாநில வீடமைப்பு வாரியத்தில். சம்பளச் சீட்டு, கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போய்ப் பதியுங்கள். பதிந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள். உடனே கிடைக்கும் என்று நம்பி இருக்கும் வாடகை வீட்டை விட்டுவிடாதீர்கள்.

இன்னும் ஒரு வேலை, உங்களால் முடியும் என்று நம்பித்தான் சொல்கிறேன். உங்களைப் போலப் பலகாரம் சுடுகிறவர்கள், தையல் தைக்கிறவர்கள், பூ கட்டுகிறவர்கள் அந்த வட்டாரத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி உங்கள் கிராமச் சமூக நிர்வாக மன்றத் தலைவரிடம் கொடுங்கள். கழகத்தின் தொழில்முனைவர் பிரிவு அதிகாரி ஒரு நாள் நிபோங் திபாலுக்கு வந்து, கோயில் மண்டபத்திலோ பள்ளி மண்டபத்திலோ திட்டங்களை விளக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவரோடு. கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த மண் தோட்டமாக இருந்தபோது உழைத்தது உங்கள் தாத்தா காலத்து ஆட்கள்தானே.

கூட்டம் நடந்தால் எனக்கும் சொல்லுங்கள், நான் வருகிறேன். அதற்குள் மூன்று மாதக் கணக்கு நோட்டில் ஏறியிருக்க வேண்டும். கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். அண்ணியின் கூலி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன்.